மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: பெங்களூரில் யாருக்குப் பொருந்தும்?

அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் நம்மவர்களிடம் சூரிய மின்சாரம் பற்றிப் பேசினால், "கிருஹ ஜோதியில்தான் இலவசமாக வருகிறதே, இது எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கர்நாடக அரசின் அந்தச் சலுகை, 2022-23இல் உங்கள் வீடு செலவழித்த சராசரியோடு 10 சதவீதம் சேர்த்த அளவுக்கே. மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். அப்படித் தாண்டுகிற வீடுகளுக்கு மத்திய அரசின் 'பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்' கைகொடுக்கும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்துக்கு ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். இலக்கு 1 கோடி வீடுகள். மானியம் மாடியில் வைக்கும் அமைப்பின் திறனைப் பொறுத்தது: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் இதே தொகைதான். 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு 3 கிலோவாட்டே போதும். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும், அதுவும் நிழல் விழாத இடம். பக்கத்து வீட்டின் நான்காம் மாடியோ உங்கள் தண்ணீர்த் தொட்டியோ ஒரு சூரியப் பலகையின் (சோலார் பேனல்) மூலையை மறைத்தாலும், அதோடு தொடராக இணைந்த மற்ற பலகைகளின் உற்பத்தியும் குறையக்கூடும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடியேறிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

பகலில் மிஞ்சும் மின்சாரம், நமக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனமான பெஸ்காமின் கம்பிக்குப் போகும். இருவழி மீட்டர் அதைக் கணக்கில் கழிக்கும். பலர் அறியாத ஒன்று: கரண்ட் போனால் இந்த அமைப்பும் நின்றுவிடும். தெருக்கம்பியில் வேலை பார்க்கும் லைன்மேன் மீது உங்கள் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்வெட்டுக்குத் தீர்வு வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய வேறு அமைப்பைக் கேளுங்கள்.

2030க்குள் 500 கிகாவாட் புதைபடிவமற்ற (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத) மின்திறன் என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. ஆனாலும் ராய்ச்சூரிலும் பல்லாரியிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் சாம்பலோடு வாழ்வது அந்த ஊர் மக்கள். நம் மாடியில் விளையும் யூனிட் அவர்கள் சுமையைக் கொஞ்சமாவது குறைக்கும் என்பதால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிந்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைக் கொண்டு, இந்தியத் தயாரிப்புப் பலகைகளையே பொருத்த வேண்டும். பெஸ்காம் சோதித்து மீட்டர் வைத்த பிறகே மானியம் வங்கிக்கு வரும். அதுவரை செலவு உங்கள் கையிலிருந்துதான். அரசு வங்கிகளில் ஈடு இல்லாத கடன் உண்டு. அடுக்ககச் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும்.

நம் வீடுகளில் சிக்கல், ஆவணங்களில் பெயர் ஒத்துப்போகாததில்தான் வருகிறது. மின் பில் காலமான தாத்தா பெயரில் இருக்கும். ஆதாரில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும். திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான். ஆகவே நிறுவனத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பெஸ்காம் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.