250 நாட்டுக்கோழிகளுக்குப் பாதி மானியம்: விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

கிராமப்புறங்களில் 250 கோழிகள் கொண்ட சிறிய நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்க முன்வருவோருக்குத் தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை 50 சதவீத மானியம் வழங்கி வருகிறது. கொட்டகை கட்டுதல், தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு போன்ற உபகரணங்கள், முதல் நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றுக்கான மொத்தச் செலவில் பாதியை அரசு ஏற்றுக்கொள்கிறது. அண்மை ஆண்டுகளில் இந்த மானியத் தொகை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேலாக இருந்துள்ளது. இதனுடன், நான்கு வார வயதுடைய 250 குஞ்சுகள் ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து இலவசமாகத் தரப்படுகின்றன.

குஞ்சுகள் இலவசம் என்பதால் திட்டமே இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. மீதிப் பாதிச் செலவைப் பயனாளி வங்கிக் கடனாகவோ சொந்தப் பணமாகவோ திரட்ட வேண்டும். அதற்கான வங்கி இருப்பு விவரத்தையோ கடன் ஒப்புதலையோ விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். ஆதார் நகல், கொட்டகை அமையும் இடத்தின் சிட்டா, அடங்கல் ஆகியவையும் தேவை. அந்த இடம் குறைந்தது 625 சதுர அடி, அதாவது கோழி ஒன்றுக்கு இரண்டரை சதுர அடி, இருக்க வேண்டும் என்பதோடு குடியிருப்புகளிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். விண்ணப்பதாரர் அந்தக் கிராமத்திலேயே நிரந்தரமாக வசிப்பவராகவும், முந்தைய ஆண்டுகளின் கோழி வளர்ப்புத் திட்டங்களில் பயன் பெறாதவராகவும் இருத்தல் அவசியம். விதவைகள், ஆதரவற்றோர், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. பயனாளிகளில் 30 சதவீதத்தினர் ஆதிதிராவிடர், பழங்குடியினராக இருக்க வேண்டும்.

பண்ணையை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் நடத்துவதாக எழுதித் தரும் உறுதிமொழியே இத்திட்டத்தில் மிகவும் யோசித்துக் கையெழுத்திட வேண்டிய தாள் என்பேன். தீவன மானியம் நான்கு மாதத்தோடு முடிந்துவிடும், இலவசக் குஞ்சுகளும் ஒருமுறைதான். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் குஞ்சும் தீவனமும் பயனாளியின் செலவே. கலப்பினக் கோழிகளை வளர்க்க நினைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி வகைகளும், ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்ரியா ஆகியவையும் ஊர்க்கோழியைவிட விரைவாக எடை கூடும் அல்லது அதிக முட்டையிடும். ஆனால் இத்தகைய கோழிகள் அடைகாப்பது குறைவு. அவற்றின் முட்டைகளைப் பொரித்தெடுத்தாலும் தாய்க்கோழியின் திறன் குஞ்சுகளில் முழுமையாக வருவதில்லை. எனவே குஞ்சுகளைப் பண்ணையிலோ பல்கலைக்கழக மையத்திலோ மீண்டும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு முதலீடு இயலாத விதவைகள், கணவரால் கைவிடப்பட்டோர், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்கு, நான்கு வார வயதுடைய 40 குஞ்சுகளைப் பாதி விலையில் தரும் திட்டம் தனியே உள்ளது. கொல்லைப்புறத்தில் மேயவிட்டு வளர்க்க அதுவே ஏற்றது. மறுகோடியில், ஒன்றிய அரசின் தேசியக் கால்நடை இயக்கம் ஆயிரம் தாய்க்கோழிகளும் குஞ்சு பொரிப்பகமும் கொண்ட பண்ணைக்கு 25 லட்சம் ரூபாய் வரை 50 சதவீத மூலதன மானியம் அளிக்கிறது. அது குஞ்சு உற்பத்தித் தொழிலுக்கானது, சிறு வளர்ப்பாளருக்கானதன்று.

கொட்டகையை நிரப்பும் முன் நோய்த்தடுப்பை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது, ஏனெனில் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் கோழிக்கழிச்சல் நோய் புகுந்தால் சில நாட்களிலேயே பெரும்பகுதிக் கோழிகள் மடியக்கூடும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் துறை நடத்தும் இருவார முகாமில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. மானியத்துக்கான அறிவிப்பு ஆண்டுவாரியாக, மாவட்டத்துக்கு மிகச் சிலருக்கே என்ற அளவில் வருவதால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் அவ்வாண்டின் தொகையையும் கடைசி நாளையும் விசாரித்து, விண்ணப்பத்தை அங்கேயே கொடுக்கலாம்.