சக்ஷன்: உறிஞ்சுவிசையா, உறிஞ்சழுத்தமா?

கட்டுவதற்கு முன்னால் செங்கல்லை ஏன் நனைக்கிறீர்கள் என்று கொத்தனாரிடம் கேட்டால், "காஞ்ச கல்லு கலவையில இருக்கிற தண்ணியைக் குடிச்சிரும்" என்பார். அந்தக் குடிக்கிற குணம் மண்ணுக்கும் உண்டு, சிவில் இன்ஜினியரிங் பாடத்தில் அதன் பெயர்தான் சக்ஷன்.

லத்தீனில் 'சுகெரே' என்றால் வாயால் உறிஞ்சுவது, அதிலிருந்து வந்த சொல் இது. நம் 'உறிஞ்சு' என்பதும் வாயும் மூக்கும் செய்கிற வேலைதான், ஆகவே முன்பாதியில் சிக்கல் எதுவும் இல்லை. பின்னால் 'விசை' என்று ஒட்டி 'உறிஞ்சுவிசை' ஆக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. விசையை நியூட்டனில் சொல்வோம், சக்ஷனை அழுத்தத்தின் அலகான கிலோபாஸ்கலில் சொல்கிறோம். நீரால் முழுக்க நிறையாத மண்ணில், துகள்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகளில் தண்ணீர் பரப்பு இழுவிசையால் பிடிபட்டு நிற்கும்போது அதன் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போய்விடுகிறது, எவ்வளவு கீழே போனது என்பதே நாம் அளப்பது. அதனால் 'உறிஞ்சழுத்தம்' என்பதே சரி என்பேன். உறிஞ்சுகுழல் மாதிரி வினைத்தொகை, வாயிலும் சிக்காது.

ஈரப்பதமும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறைய. 15 சதவீத ஈரம் மணலில் இருந்தால் கையில் நசநசக்கும், அதே 15 சதவீதம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இருந்தால் கட்டி கல்லாக இறுகி, முதல் மழைக்குத் தண்ணீரை இழுத்து ஊதி மேலே உள்ள சுவரைப் பிளக்கும். இரண்டுக்கும் ஈரம் ஒன்றுதான், உறிஞ்சழுத்தம்தான் வேறு.

லேபில் இதை அளக்க எளிய வழி ஃபில்டர் பேப்பர், பள்ளிப் புத்தகத்தில் வடிதாள். சோதனைத் தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி5298 சொல்கிற முறை: மண்ணையும் வாட்மேன் 42 என்ற வகை வடிதாளையும் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை டேப்பால் இறுக்கி, வெப்பநிலை மாறாத இடத்தில் குறைந்தது 7 நாள் விடவேண்டும். தாளும் மண்ணும் சமநிலைக்கு வந்தபின் தாளை இடுக்கியால் எடுத்து, காற்று அதன் ஈரத்தைத் தொடுவதற்குள், சில நொடிகளில் டப்பாவில் போட்டு மூடி, 0.0001 கிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கவேண்டும். அப்புறம் ஓவனில் காயவைத்து மறுபடி எடை. 55 மில்லிமீட்டர் தாள் ஒன்று காய்ந்த நிலையில் கால் கிராம்கூட வராது. அதில் 30 சதவீத ஈரம் என்றால் அந்தத் தாளுக்குரிய சமன்பாட்டின்படி உறிஞ்சழுத்தம் சுமார் 977 கிலோபாஸ்கல், 29 என்றால் 1169. அந்த ஒரு சதவீதம் எடையில் ஏறக்குறைய 2.4 மில்லிகிராம், ஒரு சொட்டுத் தண்ணீரில் இருபதில் ஒரு பங்கு! விரலால் தாளைத் தொடாதே என்று லேபில் சத்தம் போடுவது இதற்காகத்தான்.

உறிஞ்சழுத்தத்தில் இரண்டு வகை இருக்கிறது, சொல் குழப்பமும் இங்கேதான் அதிகம். மேட்ரிக் சக்ஷன் நுண்துளைகள் பிடித்துவைப்பதால் வருவது. மேட்ரிக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கருப்பை என்று பொருள், எதையோ உள்ளே வைத்துத் தாங்குவது என்ற கருத்தில் இங்கே வந்தது, கணக்குப் பாடத்து 'அணி'யைக் கொண்டுவந்து இங்கே ஒட்டவேண்டாம், 'நுண்துளை உறிஞ்சழுத்தம்' என்றால் விஷயம் புரிந்துவிடும். மற்றது ஆஸ்மாடிக் சக்ஷன், தண்ணீரில் கரைந்த உப்பால் வருவது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆஸ்மாசிஸ் சவ்வூடு பரவல், இலங்கையில் பிரசாரணம். ஆனால் மண்ணில் பார்க்கச் சவ்வு எதுவும் கிடையாதே, 'கரைசல் உறிஞ்சழுத்தம்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை மொத்த உறிஞ்சழுத்தம்.

தாள் மண்ணை ஒட்டியிருந்தால் தண்ணீர் உப்போடு சேர்ந்தே தாளுக்குள் ஏறும், கிடைப்பது நுண்துளைக் கணக்கு மட்டும். மண்ணைத் தொடாமல் ஒரு வளையத்தின் மேல் தாளை வைத்தால் ஆவி மட்டுமே போகமுடியும், உப்பு மண்ணிலேயே நின்றுவிடும், அப்போது கிடைப்பது மொத்தம். ஆகவே தமிழில் அறிக்கை எழுதுகிறவர்கள் எந்தச் சொல்லைப் போட்டாலும், தாள் மண்ணைத் தொட்டதா தொடவில்லையா என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.