ஒரே பாட்டு, இருநூறு மேடைகள்: நேரடி ஒலிப்பதிவுகளை ஒப்பிடும் முறை

வழிவழியாகப் பாடப்படும் பாட்டுக்கு மூலப்படி என்று ஒன்று கிடையாது. பாம்பன், மண்டபம் கரைகளில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொண்டால், வலை கனத்த நாளில் அது ஒரு வேகத்திலும் மீன் சேரும் வலைப்பையான மடி வெறுமையாக வரும் நாளில் வேறொரு வேகத்திலும் ஒலிக்கும். முன்பாட்டுக்காரர் மாறினால் அடிகளும் மாறும். ஆனாலும் கரையில் நிற்கும் எவருக்கும் அது அதே பாட்டுதான் என்பதில் ஐயம் இருப்பதில்லை. ஆகவே எது சரியான வடிவம் என்று கேட்பதைவிட, ஒரு பாட்டு எவ்வளவு மாறுகிறது, எந்த இடத்தில் மாறுகிறது, எதனால் மாறுகிறது என்று கேட்பதே அறிவியலுக்கு உகந்தது. இந்தக் கேள்விகளுக்கு அளவையால் விடை காண முடியும். அதற்கு ஒரே பாட்டை ஒரே குழு பல ஆண்டுகள் பாடிய பதிவுகள் வேண்டும். நம் நாட்டார் பாடல் சேகரிப்பில் ஒரு பாட்டை ஒருமுறை பதிவுசெய்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதே பெரும்பாலான வழக்கமாக இருப்பதால், முறையை விளக்க நான் கடல்கடந்து அமெரிக்காவின் ராக் இசைக்குழு ஒன்றிடம் போக வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 1965-இல் உருவான கிரேட்ஃபுல் டெட் குழு, அதன் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறக்கும்வரை ஏறத்தாழ 2,300 மேடைகளில் வாசித்தது. நிகழ்ச்சியைக் கேட்க வந்தவர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்வதை அந்தக் குழு தடுக்கவில்லை. 1984-இல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. குரல், வாத்திய ஒலிகளைக் கலந்து அனுப்பும் மேடை மிக்ஸரிலிருந்து குழுவினரே நேரடியாக எடுத்த நாடாக்களும் ஏராளம். அவர்கள் பாடிய மரபுப் பாடல்களுள் ஒன்று ‘கோல்ட் ரெய்ன் அண்ட் ஸ்னோ’. அப்பலாச்சிய மலைப்பகுதியில் வாய்வழி வழங்கிவந்த இந்தப் பாட்டு, மனைவியோடு பிணங்கிக் குளிர்மழையிலும் பனியிலும் வெளியே நிற்க நேர்ந்த கணவனின் புலம்பல். 1967-இல் வெளியான அவர்களது முதல் இசைத்தட்டில் இது ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் விரைந்து முடிந்துவிடுகிறது. 1976-க்குப் பிந்தைய மேடைகளில் ஆறு நிமிடத்தை நெருங்குகிறது. இருநூறு முறைக்கு மேல் மேடையேறிய பாட்டு என்பதால், இந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பின்தொடர முடிகிறது.

ஆனால் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டு, இது வேகம், அது மெது என்று சொல்லிவிடுவது ஒப்பீடு ஆகாது. காதில் விழும் வேறுபாட்டில் மூன்று வேறுபாடுகள் கலந்திருக்கின்றன: பதிவுக் கருவி உண்டாக்கியது, இடமும் காற்றும் உண்டாக்கியது, பாடியவர்கள் உண்டாக்கியது. முதல் இரண்டையும் கழித்த பின்னரே மூன்றாவதைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வருகிறது. இசை பற்றிய எழுத்தில் இந்தக் கழித்தல் பெரும்பாலும் நடப்பதில்லை என்பது என் வருத்தம்.

கருவியிலிருந்து தொடங்குவோம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பதிவின்போது மின்கலம் தளர்ந்து மோட்டார் ஒரு விழுக்காடு மெதுவாக ஓடியிருந்தால், பின்னர் சரியான வேகத்தில் ஓடும் கருவியில் கேட்கும்போது பாட்டு ஒரு விழுக்காடு விரைவாகவும், அதே விகிதத்தில் சுருதி உயர்ந்தும் ஒலிக்கும். ஒரு விழுக்காடு என்பது அரைச்சுரத்தின், அதாவது அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையிலான தொலைவின், ஆறில் ஒரு பங்கு. ஆறு விழுக்காடு தவறினால் முழு அரைச்சுரமே ஏறிவிடும். நிகழ்ச்சி நீள நீள மின்கலம் மேலும் தளருமாதலால், முதல் பாட்டில் சிறிதாக இருக்கும் பிழை கடைசிப் பாட்டில் பெரிதாகிறது. குழு உற்சாகத்தில் வேகம் எடுத்தது என்று ரசிகர் நம்பும் இடத்தில் உண்மையில் வேகம் குறைந்தது மோட்டாராக இருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க உதவுவது, இசைக்காரர் எவரும் விரும்பாத ஓர் ஒலி. மேடையின் ஒலிபெருக்கிகளிலிருந்து எழும் மெல்லிய உறுமல் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. அமெரிக்காவில் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சி கொண்டது என்பதால் உறுமல் 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 120, 180 ஹெர்ட்ஸிலும் பதிவாகிறது. பதிவில் அது 61.2 ஹெர்ட்ஸாகத் தென்பட்டால் நாடா இரண்டு விழுக்காடு விரைவாக ஓடுகிறது என்று பொருள். கணினியில் அந்த அளவுக்கு மெதுவாக்கிவிட்டால் போதும். நம் நாட்டில் மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸை ஒட்டி, 49.90 முதல் 50.05 வரையிலான வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஊர் மின்சாரத்தில் நடந்த கச்சேரியின் பழைய கேசட்டையும் இதே முறையில் சரிசெய்யலாம். கடற்கரைத் திருவிழாக்களில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் இந்த வழி உதவாது, ஏனென்றால் விளக்குகளின் சுமை கூடிக் குறையும்போது ஜெனரேட்டரின் அதிர்வெண்ணும் நகரும்.

அடுத்தது இடம். மிக்ஸர் பதிவில் குரல் மிக நெருக்கமாகவும் கிதார் பின்தங்கியும் கேட்கும். மேடையிலேயே உரக்க ஒலிக்கும் கிதார் பெருக்கியின் ஒலியை மிக்ஸர் வழியாக அதிகம் ஏற்ற வேண்டியிருப்பதில்லை. பார்வையாளர் பகுதியில் வைத்த மைக்கோ அரங்கத்தின் எதிரொலியையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் சேர்த்து வாங்குகிறது. இரண்டையும் ஒன்றாக இணைக்க முயல்வோர் தூரத்தையும் கணக்கிட வேண்டும். 20 பாகை செல்சியஸில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்ற மைக்கில் ஒவ்வோர் ஒலியும் ஏறத்தாழ 87 மில்லிநொடி தாமதமாக விழும்.

இதில் 1974-ஆம் ஆண்டின் பதிவுகளைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு குழு சுமார் 75 டன் எடையுள்ள பிரம்மாண்டமான ஸ்பீக்கர்ச் சுவரைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வாசித்தது. ஸ்பீக்கருக்கு எதிரே மைக் இருந்தால் ஊளை எழும் என்பதால், பாடகர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக்குகளை அருகருகே வைத்து, ஒன்றின் மின்துருவத்தை மாற்றி இணைத்தார்கள். பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தொடுவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகரோ ஒரு மைக்கில் மட்டும் வாய் வைத்துப் பாடுவதால் குரல் அழியாமல் நிற்கும். நேர்த்தியான இயற்பியல்தான், ஆனால் குரலின் கீழ் ஸ்தாயி அலைகளின் ஒரு பகுதியும் இந்த அழிப்பில் போய்விடுவதால் குரல் மெலிந்து கேட்கிறது. அந்த மெலிவைப் பாடகர்மேல் ஏற்றுவது தவறு.

காற்றும் தன் பங்குக்கு ஒலியை வடிகட்டுகிறது. 15 பாகை வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட வறண்ட காற்றில், 4,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 89 டெசிபல் உறிஞ்சப்படுகிறது. 30 பாகையும் 70 விழுக்காடும் என்று இராமநாதபுரக் கடற்கரை போன்ற நிலையை எடுத்தால் அதே தூரத்தில் இழப்பு 23 டெசிபல்தான். ஈரக்காற்று ஒலியை மந்தமாக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்கு நேர்மாறாக, நம் கரையில் தூரத்துப் பாட்டின் மேல் ஸ்தாயி ஒலிகள் வறண்ட மலைச்சரிவு மேடையைவிடத் தெளிவாக வந்து சேர வேண்டும். காற்றின் திசை இதைவிடப் பெரிய விளைவைத் தரும். தரையருகே காற்று மெதுவாகவும் உயரத்தில் விரைவாகவும் வீசுவதால், மேல்காற்றான கச்சான் வீசும் திசையில் போகும் ஒலி தரைநோக்கி வளைந்து நெடுந்தூரம் கேட்கும். எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டரிலேயே நிழல் விழுந்ததுபோல் அடங்கிவிடும்.

இவற்றையெல்லாம் கழித்த பின் மிஞ்சுவதைக் கணினி எப்படி ஒப்பிடுகிறது? முதல் படியில் பாட்டைப் பத்தில் ஒரு நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் பன்னிரண்டு சுரத்தானங்களில் எதெதற்கு எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று எண்களாக எழுதிக்கொள்கிறது. மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்ற பேதம் இங்கே பார்க்கப்படுவதில்லை. எந்த ஸ்தாயியில் ஒலித்தாலும் பஞ்சமம் பஞ்சமமே. குரோமா எனப்படும் இந்தப் பன்னிரண்டு எண் பட்டியலின் நன்மை என்னவென்றால், கீபோர்டுக் கலைஞர் மாறினாலும் மைக் தரம் குறைந்தாலும் பாட்டின் சுர நகர்வு ஓரளவு அப்படியே நிற்கும். சுருதி மாற்றிப் பாடியிருந்தால் பட்டியலைச் சுழற்றிப் பன்னிரண்டு நிலைகளிலும் பொருத்திப் பார்த்தால் போதும்.

இரண்டரை நிமிடப் பாட்டில் 1,500 துண்டுகள், ஆறு நிமிடப் பாட்டில் 3,600 துண்டுகள். ஒன்றைக் கிடையாகவும் மற்றொன்றை நெடுக்காகவும் வைத்தால் 54 லட்சம் கட்டங்கள் கொண்ட பலகை கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த இரு துண்டுகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற எண் இருக்கும். தொடக்க மூலையிலிருந்து முடிவு மூலைக்கு, பின்வாங்காமல், மொத்த வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும்படி ஒரு பாதையைக் கணினி தேடுகிறது. டைனமிக் டைம் வார்ப்பிங் என்னும் இந்த முறை பேச்சை அறியும் ஆய்வில் வளர்ந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் சாகோயேயும் சிபாவும் 1978-இல் வெளியிட்ட கட்டுரை அதை நிலைநிறுத்தியது. சீரற்ற இடைவெளியில் முடிச்சிட்ட இரண்டு கயிறுகளை, ஒன்றை ஆங்காங்கே இழுத்தும் தளர்த்தியும் முடிச்சுக்கு முடிச்சு நேர்படுத்துவதைப் போன்றது இது.

அந்தப் பாதையின் வடிவம்தான் பாட்டின் வரலாற்றைச் சொல்கிறது. பாதை ஒரே சாய்வில் போனால் வேகம் மட்டும் சீராக மாறியிருக்கிறது. ஒரு திசையில் மட்டும் நீண்டு கிடந்தால் ஒரு பதிவில் இருப்பது மற்றொன்றில் இல்லை, அதாவது புதிதாக ஒரு கிதார் மனோதர்மம் நுழைந்திருக்கிறது. நீளத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டரை நிமிடம் ஆறானதை ஒரே மாற்றம் என்று எண்ணுவார்; பாதையைப் பார்ப்பவருக்கு அடிகள் மெதுவானது வேறு, அடிகளுக்கு நடுவே வாத்தியப் பகுதி விரிந்தது வேறு என்று பிரித்தறிய முடியும். இரண்டும் நடந்திருக்கின்றன. 1974 அக்டோபரோடு நீண்ட ஓய்வுக்குப் போய் 1976 கோடையில் குழு திரும்பிய போது, இடையில் விலகியிருந்த மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம் கலைஞராக மறுபடி இடம்பெற்றிருந்தார். இரு டிரம்கள் ஒன்றையொன்று கேட்டு இணைய இடைவெளி தேவைப்பட்டது வேகக் குறைவுக்கு ஒரு காரணம் என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. கூடவே, அந்த மெதுவான வடிவத்தில்தான் புலம்பல் புலம்பலாகக் கேட்கிறது என்றும் கருதுகிறேன். 1967-இன் ஓட்டத்தில் சொற்கள் துயரப்பட நேரமே கிடைப்பதில்லை.

ஓர் ஆண்டுக்குள்ளேயே இரவுக்கிரவு எவ்வளவு வேறுபாடு இருந்தது என்று தெரிந்தால்தான் ஆண்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டை மதிப்பிட முடியும். ஒரே ஒரு பதிவை வைத்து ‘இந்தப் பாட்டின் வேகம் இது’ என்று எழுதுவது, ஒரே ஒரு நாளில் பிடிபட்ட மீனை வைத்துக் கடலை மதிப்பிடுவதற்குச் சமம். அம்பாவை ஒருமுறை மட்டும் பதிவுசெய்து வைப்பது போதாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். இயந்திரப் படகுகளும் நைலான் வலைகளும் வந்தபின் பாடி இழுக்கும் தேவை குறைந்துவிட்டது. பாடத் தெரிந்தவர்கள் கரையில் இருக்கும்போதே, ஒரே பாட்டை வாடைக்காலத்திலும் கச்சான் காலத்திலும், கனத்த மடிக்கும் வெறும் மடிக்கும், திரும்பத் திரும்பப் பதிவுசெய்ய வேண்டும்.

அம்பாவில் முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதன் தாளத்தைக் கடிகாரம் நடத்துவதில்லை. கயிற்றின் இழுவையும் அலையின் ஏற்ற இறக்கமும் நடத்துகின்றன. எனவே நிமிடத்துக்கு இத்தனை தாள அடி என்ற சராசரியைவிட, ஒவ்வொரு ‘ஏலேலோ’வுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை வரிசையாக எழுதி, அந்த வரிசை எப்படி நீண்டு சுருங்குகிறது என்று பார்ப்பதே பொருந்தும். கரைவலையின் இரு கயிறுகளையும் இரு குழுக்கள் தனித்தனியே இழுக்கின்றன. அவர்கள் 175 மீட்டர் இடைவெளியில் நின்றால், 30 பாகை வெப்பத்தில் நொடிக்கு 349 மீட்டர் செல்லும் ஒலி ஒரு குழுவிலிருந்து மற்றதை அடைய அரை நொடி ஆகும். மறுகுழுவின் பாட்டைக் கேட்டு அதற்கு ஒத்து இழுக்க முயன்றால் ஒவ்வோர் இழுப்பும் அரை நொடி பிந்தும் என்பதால், இரண்டும் தத்தம் முன்பாட்டுக்காரரையே பின்பற்றுவது இயல்பு. மடி கரையை நெருங்கி இரு குழுவும் அருகருகே வரும்போது இந்தத் தாமதம் சுருங்குகிறது. அப்போது இரு பாட்டும் ஒரே தாளத்தில் இணைகின்றனவா என்பது அளந்து பார்க்க வேண்டிய அருமையான கேள்வி.

இதற்குக் குழுவுக்கு ஒன்றாக இரண்டு கைபேசிகள் போதும். அவற்றின் உள்கடிகாரம் பழைய நாடாவைவிடப் பன்மடங்கு துல்லியமானது. ஆனால் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் உரத்த இழுப்பும் மெலிந்த இழுப்பும் ஒரே அளவாகப் பதிவாகும். தேதி, இடம், காற்றின் திசை, மைக்குக்கும் பாடுபவருக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுவது நல்லது. இரு பதிவுகளையும் நேர்படுத்த, இரு குழுக்களுக்கும் சரிநடுவில் நின்று ஒற்றைப் பட்டாசு ஒன்றை வெடிக்கலாம். அந்த ஒலி இரு கைபேசிகளையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் அடையும். ஒரு மணி நேரத்தில் இரு கைபேசிகளின் கடிகாரங்களும் பத்தில் ஒரு நொடி வரை விலகக்கூடும் என்பதால், மடி கரையேறியதும் மறுபடி ஒன்றை வெடித்துப் பதிவை நிறுத்த வேண்டும்.