கட்-அவுட் தூக்கும்போது தலைக்கு மேலே பாருங்கள் தம்பிகளே

பெரிய நடிகருக்குப் பிறந்தநாள் என்றால் முந்தின நாள் ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. மின்வாரியத்தில் களப்பணியில் இருக்கிறேன். அந்த ராத்திரியில் போன் அடித்தாலே பகீர் என்றிருக்கும்.

2020 செப்டம்பரில் பவன் கல்யாண் பிறந்தநாளுக்கு பேனர் கட்டிய மூன்று பேர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இறந்தார்கள். 2023 ஜூலையில் சூர்யா பிறந்தநாளுக்கு பேனர் வைத்த இரண்டு மாணவர்கள் அதே ஆந்திராவின் நரசராவ்பேட்டையில். 2024 ஜனவரியில் யஷ் பிறந்தநாளுக்கு கட்-அவுட் நிறுத்திய மூன்று பேர் கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில். எல்லாமே மின்சாரம் தாக்கித்தான்.

ஏன் ஒருவரோடு நிற்காமல் இரண்டு, மூன்று என்று போகிறது? கட்-அவுட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், புரியும். ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டியிருப்பது இரும்புச் சட்டத்தில். இருபது, இருபத்தைந்து அடி உயரம் என்றால் ஒரு ஆளால் தூக்க முடியாது. நாலைந்து பேர் அடியைப் பிடித்து நிமிர்த்துவார்கள். பாதி நிமிரும்போது காற்று அடித்தால் ஃபிளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பி, நினைத்த பக்கம் நிற்காமல் சாயும். சாய்ந்த நுனி மேலே போகும் மின்கம்பியில், அதாவது லைனில் பட்டால், சட்டத்தைப் பிடித்திருக்கும் அத்தனை கையிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் பாயும்.

தெருவில் உயரமான கம்பத்தில் மூன்று கம்பியாகப் போவது பெரும்பாலும் 11,000 வோல்ட் லைன். அது வெறும் அலுமினியக் கம்பி, மேலே உறை எதுவும் கிடையாது. ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன், கையுறை இருக்கிறது என்று பையன்கள் சொல்வார்கள். 11,000 வோல்ட்டுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதுதான் பலருக்குத் தெரியாது. சட்டம் லைனில் பட்டவுடன் ஃபீடர், அதாவது அந்த ஏரியாவுக்கு மின்சாரம் தரும் லைன், டிரிப் ஆகி (தானாக நின்று) ஏரியாவே இருட்டாகிவிடும். கரண்ட் போய்விட்டது என்று நண்பனைத் தூக்க ஓடுவார்கள். துணை மின்நிலையத்தில் இருப்பவருக்கு இங்கே நடந்தது தெரியாது. மரக்கிளை ஏதாவது பட்டிருக்கும் என்று சில நிமிடத்தில் லைனில் திரும்ப மின்சாரம் விட்டுப் பார்ப்பார். காப்பாற்றப் போனவனும் அப்போது மாட்டிக்கொள்வான். அதனால் கிட்டே போகாதீர்கள், பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். உடனே மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்கு அடித்து இடத்தைச் சொல்லுங்கள். லைனை நிறுத்திவிட்டோம் என்று எங்கள் ஆள் சொன்ன பிறகுதான் தொட வேண்டும்.

அனுமதி இல்லாமல் பேனர் வைப்பதே தப்பு, அது தனி விஷயம். அனுமதி வாங்கி வைப்பவர்களும் இடத்தை ராத்திரியில் முடிவு செய்யாதீர்கள். பகலில் அங்கே நின்று மேலே பாருங்கள். கட்-அவுட் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் முழு உயரத்துக்குள் லைன் இருக்கவே கூடாது. சந்தேகம் என்றால் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள்.

ஒருமுறை ஒரு பையன் அப்படி வந்தான். கூடவே போய்ப் பார்த்தேன். குழி தோண்டிவிட்டார்கள், நேர் மேலே லைன். "அண்ணே, இதை நாங்க கவனிக்கவே இல்ல" என்றான். அன்று சாயங்காலமே குழியை மூடி, கட்-அவுட்டைக் கோயில் திடலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ராத்திரி எனக்குப் போன் வரவில்லை.