உங்கள் டேட்டாவில் ஒரு வரி என்பது என்ன?

இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் ஓடும் லேப்டாப் திரையைக் கைபேசியில் சாய்வாக எடுத்த படம். சிவப்பு எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே 451 என்ற எண். கூடவே ஒரு செய்தி: "மேடம், எக்ஸ்டிசெட் போட்டா இப்படி வருது. வேற எந்த கமாண்ட் போடணும்? நாளான்னைக்கு சினாப்சிஸ் கொடுக்கணும்."

சென்னையில் ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்வது என் தொழில். பொருளியல், வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் பிஎச்டி செய்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். பேனல் டேட்டா, அதாவது ஒரே ஆட்களை அல்லது ஊர்களைப் பல ஆண்டுகள் தொடரும் டேட்டா என்றால் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இது பேனல் டேட்டா என்று ஸ்டேட்டாவுக்கு அறிவிக்கும் கட்டளைதான் எக்ஸ்டிசெட். கமாண்டைக் கேட்கிறார்கள், டேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "உங்க ஃபைல்ல ஒரு வரின்னா என்ன?"

போட்டோ அனுப்பிய பெண்ணுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. மறுநாள் லேப்டாப்போடு நேரில் வந்தார். தமிழ்நாட்டு மாவட்டங்களில் வங்கிக் கடன் கூடினால் சிறுதொழில் பதிவும் கூடுகிறதா என்பது ஆய்வு. 2012 முதல் 2022 வரை பதினோரு ஆண்டுகள். அப்படியானால் ஒரு வரி என்பது ஒரு மாவட்டம், ஓர் ஆண்டு. பேனல் டேட்டாவின் அடிப்படையே இதுதான். ஒவ்வொரு வரிக்கும் 'யார்', 'எப்போது' என்று இரண்டு அடையாளங்கள் இருக்கும். அந்த ஜோடி இரண்டாவது முறை வரக் கூடாது. வந்தால் ஸ்டேட்டா 451 என்று சொல்லி நின்றுவிடும். ஆர் மென்பொருளில் பிஎல்எம் பேக்கேஜும் இதைத்தான் வேறு சொற்களில் எச்சரிக்கும்.

"டூப்ளிகேட்ஸ் லிஸ்ட்" போட்டுப் பார்த்தோம். காஞ்சிபுரம் 2020, 2021, 2022 மூன்று ஆண்டுகளுக்கும் இரண்டிரண்டு வரிகள். காரணம் டேட்டாவுக்கு வெளியே இருந்தது. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. டேட்டாவைச் சேர்த்துக் கொடுத்தவர் செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்தின் எண்ணையே போட்டிருந்தார்.

சேர்த்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். தீசிஸ் பைண்டிங்கோடு "டேட்டா அனாலிசிஸும் செய்து தரப்படும்" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு ஃபைலையும் ரிசல்ட்டையும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரிசல்ட்டைத் தன் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இவருக்கு இந்த எர்ரர் வந்தது. அவர்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை? கூடவே கொடுத்திருந்த டூ-ஃபைலை, அதாவது ஸ்டேட்டா கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைலைத் திறந்தோம். மூன்றாவது வரியில் பதில் இருந்தது: "டூப்ளிகேட்ஸ் டிராப்", பக்கத்தில் "ஃபோர்ஸ்".

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு என்று இரண்டு வரிகள் இருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடு என்கிறது அந்தக் கட்டளை. இரண்டு வரிகளிலும் எண்கள் வெவ்வேறாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இங்கே செங்கல்பட்டு முழுவதும் போய்விட்டது. மிச்சமிருந்த காஞ்சிபுரம், 2019 வரை பெரிய மாவட்டம், 2020 முதல் திடீரென்று சிறியது. கடன் சரிகிறது, தொழில் பதிவும் சரிகிறது. ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் ரெக்ரஷன் இதைப் பார்த்து, "கடன் குறைந்ததால் தொழில் குறைந்தது" என்று, தற்செயல் இல்லை என்பதற்கான நட்சத்திரம் போட்டுச் சொல்லும். அங்கே குறைந்தது வரைபடத்தில் நிலப்பரப்பு, அவ்வளவுதான். எர்ரரை நிறுத்தும் கமாண்டைத் தேடியவருக்கு எர்ரர் நின்றது, ஆய்வு கெட்டது.

அதே ஃபைலில் வேலூர் 2019-ல் மூன்றானது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. 32 மாவட்டங்கள் 38 ஆயின. எளிய வழி, பிரிந்தவற்றைத் தாய் மாவட்டத்தோடு கூட்டி மறுபடியும் 32 ஆக்குவது. கூட்டுவது என்றால் எண்களைக் கூட்ட வேண்டும், ஒன்றை அழிக்கக் கூடாது. தலைக்கு இவ்வளவு என்ற விகிதமாக இருந்தால் மக்கள்தொகையை எடையாக வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். ஆனால் சென்னையே 2018-ல் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆகவே சென்னை, திருவள்ளூர், பழைய காஞ்சிபுரம் மூன்றையும் ஒரே அலகாக வைக்கச் சொன்னேன். 30 அலகுகள், 11 ஆண்டுகள், 330 வரிகள். இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். திரையில் 318 என்று வந்தால் பன்னிரண்டு எங்கே போயின என்று தேடியாக வேண்டும்.

பெயர்களும் இப்படிக் காலை வாரும். ஒரு அட்டவணையில் தூத்துக்குடி, இன்னொன்றில் ஆங்கிலேயர் வைத்த டூட்டிகோரின். நமக்கு ஒரே ஊர், மென்பொருளுக்கு இரண்டு. "எக்ஸ்டிடிஸ்கிரைப்" போட்டால் எத்தனை அலகுகள் எந்தெந்த ஆண்டுகளில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். இன்னொரு பொதுவான தவறு, தேசியக் குடும்ப நல ஆய்வின் 2015-16, 2019-21 சுற்றுகளைச் சேர்த்து, குடும்ப அளவில் பேனல் என்று நினைப்பது. ஒவ்வொரு சுற்றிலும் வேறு குடும்பங்கள். 'யார்' என்ற அடையாளம் அங்கே தொடர்வதே இல்லை.

வரி என்ன என்று தெளிந்துவிட்டால் மற்ற பாதிச் சந்தேகங்கள் தானாகத் தீரும். "கடலோர மாவட்டமா என்ற மாறியை ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் ஏன் தள்ளிவிட்டது, மேடம்?" என்று கேட்டார். ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் என்பது மாவட்டத்தின் மாறாத குணங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும் முறை. அது கோவையையும் அரியலூரையும் ஒப்பிடுவதில்லை. இந்த வருடக் கோவையைப் போன வருடக் கோவையோடு ஒப்பிடுகிறது. பதினோரு வருடமும் கடல் அதே இடத்தில் இருக்கும்போது ஒப்பிட என்ன இருக்கிறது? மென்பொருள் செய்தது சரி. ஆண்டுகளுக்கும் தனி டம்மி (அந்த ஆண்டென்றால் 1, இல்லையென்றால் 0 என்ற மாறி) போடுங்கள். 2016 பணமதிப்பிழப்பும் 2020 ஊரடங்கும் எல்லா மாவட்டத்தையும் சேர்த்து அடித்தவை, அவை கடனின் கணக்கில் போய் விழக் கூடாது.

ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸா, ரேண்டம் எஃபெக்ட்ஸா என்று தேர்வு செய்யப் பயன்படுத்தும் ஹவுஸ்மன் டெஸ்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1978-ல் வந்தது. நம் ஊர் ஆய்வறிக்கைகளில் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்றால் ஃபிக்ஸட், மேலே என்றால் ரேண்டம், அதோடு முடிந்தது. ரேண்டம் எஃபெக்ட்ஸ், மாவட்டத்தின் மாறாத குணங்களுக்கும் கடனுக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. தொழில் செழித்த ஊரைத் தேடித்தான் வங்கி போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அந்த அனுமானம் நிற்குமா என்பதை முதலில் நீங்கள் யோசிக்க வேண்டும். தவிர, கிளஸ்டர் செய்த, அதாவது ஒரே மாவட்டத்தின் வரிகளை ஒரு குழுவாக எடுத்துக் கணக்கிட்ட திட்டப்பிழைகளோடு (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவுகளோடு) ஸ்டேட்டாவின் ஹவுஸ்மன் கட்டளை ஓடாது. அதற்காகவே கிளஸ்டரை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ஒரே மாவட்டத்தின் பதினோரு வரிகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. மாவட்ட அளவில் கிளஸ்டர் செய்யாவிட்டால் இல்லாத துல்லியம் இருப்பதாகத் தோன்றும். மாறிகளின் மாவட்டச் சராசரிகளை ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரியில் சேர்த்து, அவற்றின் கெழுக்கள் (ஒவ்வொரு மாறிக்கும் ரெக்ரஷன் தரும் விளைவின் அளவுகள்) எல்லாம் சேர்ந்து பூஜ்ஜியமா என்று சோதித்தால் அதே கேள்விக்குப் பதில் கிடைக்கும். பொருளியலாளர் முண்ட்லாக் காட்டிய வழி, அதுவும் 1978-தான்.

ஆர் ஸ்கொயர், அதாவது மாறுபாட்டில் எவ்வளவை மாதிரி விளக்குகிறது என்ற எண்ணின் விஷயம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. "0.14 தான் வருது, கைடு ஒத்துக்க மாட்டார்" என்பார்கள். உடனே யாராவது, மாவட்ட டம்மிகளை நேரடியாகப் போடு, 0.9-க்கு மேல் போகும் என்று சொல்லிக்கொடுப்பார். போகும்தான். கடனின் கெழு கொஞ்சமும் மாறியிருக்காது. கோவை கோவையாக இருப்பதையும் சேர்த்து 'விளக்கியதாக' எண்ணிக்கொள்வதால் ஏறிய எண் அது. 0.14-ஐ 'வித்தின்' (மாவட்டத்துக்குள் நடந்த மாற்றத்தை மட்டும் விளக்கும் அளவு) என்று குறிப்பிட்டு அப்படியே எழுதுங்கள். கைடுகளிடமும் நான் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த எண்ணுக்காக மாணவர்களை விரட்டாதீர்கள்.

உதவி கேட்கும்போது போட்டோ வேண்டாம். நீங்கள் அடித்த கட்டளையையும் வந்த பதிலையும் எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள். ஸ்டேட்டாவில் "டேட்டாஎக்ஸ்", ஆர் என்றால் "டிபுட்", இருபது முப்பது வரிகளை எதிராளி தன் கணினியில் அப்படியே திறக்கும்படி கொடுத்துவிடும். ஆட்களின் பெயர், தொலைபேசி எண் உள்ள டேட்டாவை வெளியே அனுப்பவே அனுப்பாதீர்கள். அப்படிப்பட்ட டேட்டா என்றால் கிரன்ஃபெல்ட் டேட்டாவில் அதே பிரச்சினை வருகிறதா என்று பாருங்கள். 10 அமெரிக்க நிறுவனங்கள், 1935 முதல் 1954 வரை, 200 வரிகள். ஸ்டேட்டாவிலும் ஆரிலும் ஒரே வரியில் திறக்கலாம், பேனல் தெரிந்த எவருக்கும் பழக்கமானது.

அந்தப் பெண் சினாப்சிஸுக்கு இரண்டு வாரம் அவகாசம் வாங்கினார். 330 வரிகளையும் தானே மறுபடி கட்டினார். கடனின் கெழு முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது; அதை அப்படியே எழுதினார். போன மாதம் அவரிடமிருந்து வந்த செய்தி இது: "மேடம், ஒரு வரி ஒரு மாவட்டம்-ஆண்டு, 30 அலகு, 11 ஆண்டு. போன வருஷத் தொழில் பதிவையும் வலது பக்கம் சேர்த்தா கடனோட கெழு மாறுது. கட்டளையும் ரிசல்ட்டும் கீழே ஒட்டியிருக்கேன். ஆண்டுகள் கம்மியா இருக்கறதால வர்ற பிரச்சினையா இது?"

ஆமாம், அதுவும் ஒரு காரணம். போன வருட மதிப்பை ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸில் சேர்த்தால் கெழுக்கள் ஒரு பக்கமாகப் பிழைபடும் என்று 1981-ல் பொருளியலாளர் நிக்கல் காட்டிய சாய்வு அது, பதினோரு ஆண்டுகளுக்கு அலட்சியம் செய்ய முடியாது. பழைய ஆண்டுகளின் மதிப்புகளைக் கருவி மாறிகளாக வைத்து இந்தச் சாய்வைத் தவிர்க்கும் 1991-ன் அரெல்லானோ-பாண்ட் முறை பல நூறு அலகுகளும் சில ஆண்டுகளும் உள்ள டேட்டாவுக்கு ஏற்றது, முப்பது மாவட்டத்துக்குக் கருவி மாறிகள் பெருகிவிடும். போன வருடத் தொழில் பதிவு இல்லாத மாதிரியை முதன்மையாக வையுங்கள், சேர்த்ததைப் பக்கத்து நிரலில் காட்டி ஏன் என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள் என்று பதில் போட்டேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன், சைதாப்பேட்டை வருவதற்குள் முடிந்துவிட்டது.