1,600 மில்லிமீற்றர் மழை, ஆனாலும் உலர் வலயம்

திருகோணமலையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்கிறது. லண்டனுக்குக் கிடைப்பது சுமார் 600தான். அப்படியிருந்தும் நாங்கள் இருப்பது இலங்கையின் உலர் வலயம், லண்டனை யாரும் வரண்ட ஊர் என்று சொல்வதில்லை. ஆண்டுக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக் காலநிலையைச் சொல்லப் போனால் இங்கேதான் இடறும்.

சரி, மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதங்களில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டிவிடுகிறது. நவம்பர், டிசம்பர் ஒவ்வொன்றும் 300ஐத் தாண்டும். யூனின் சராசரியோ 30க்கும் கீழே.

வெப்பநிலையில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. சனவரிச் சராசரி சுமார் 26 பாகை செல்சியஸ், யூனில் 30ஐ ஒட்டி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வெப்பநிலையை மழைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விசயம் பிடிபடும், ஏனென்றால் வெயிலும் காற்றும் யூனில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக்குவதாக வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 150 ஆகிறது, மண்ணுக்கு வருவது 30கூட இல்லை. ஆண்டு நடுவில் வரும் நெற்செய்கைக்காலமான சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்பது இதனால்தான்.

தென்மேல் பருவக்காற்று அந்த நேரத்தில் கொழும்புப் பக்கம் நனைக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை? காற்று மத்திய மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது, அப்புறம் கிழக்கே இறங்கும்போது அமுங்கி, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறி, உடம்பை உலர்த்தும் கச்சான் காற்றாக எங்களிடம் வந்து சேர்கிறது. எங்கள் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களோடும்தான் வரும்.

உலகின் காலநிலைகளை வெப்பநிலையும் மழையும் கொண்டு பிரிக்கும் கோப்பனின் வகைப்பாடும் இதே எண்களைத்தான் கேட்கிறது. எல்லா மாதச் சராசரியும் 18 பாகைக்கு மேல், ஆகவே அயனமண்டலம். ஆண்டு மழையை 25ஆல் வகுத்து 100இலிருந்து கழித்தால் 36, மிக வரண்ட மாதத்துக்கு அந்த வகைப்பாடு வைக்கும் எல்லை அது. யூன் மழை அதற்கும் குறைவு, ஆகவே சவன்னா, அதாவது தெளிவான வரண்ட பருவம் உள்ள அயனமண்டலக் காலநிலை. அதிலும் சூரியன் உச்சத்தில் நிற்கும் அரையாண்டில் வரட்சி வருகிற, உலகில் அரிதான வகை.

ஆனால் இவை 30 ஆண்டுச் சராசரிகள். மழை நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 300 மில்லிமீற்றர் 20 நாட்களில் பரவிப் பெய்தால் மண் உறிஞ்சும், குளம் நிதானமாக நிரம்பும், ஒரு தாழமுக்கம் அதில் பெரும்பங்கை இரண்டே நாளில் கொட்டினால் வயல் மூழ்கி மிச்சம் கடலுக்குப் போய்விடும்.