பெட்டி கட்டுவதற்கு முன்: பனிக்காலம் கழிக்கக் கொழும்பு வருவோருக்கு ஒரு குடும்ப வைத்தியரின் குறிப்பு

நவம்பர் மாதம் பாதியைக் கடந்ததும் வெள்ளவத்தையில் உள்ள எனது மருத்துவ நிலையத்தில் காத்திருப்போரின் முகங்கள் மாறத் தொடங்கிவிடும். ஸ்காபரோ, ஹரோ, ஒஸ்லோ என்று வடக்கே பரந்திருக்கும் நகரங்களிலிருந்து பனிக்குத் தப்பித் தெற்கே வந்து, சிவராத்திரி முடிந்த பின்னரோ, அங்கே பனி கரைந்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்ன பின்னரோ திரும்பிப் போகும் ஓய்வூதியர்கள் அவர்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஏதோவோர் ஒழுங்கையில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, விடிய மரைன் டிரைவில் நடந்து, பின்னர் சந்தைக்குப் போய், மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்கு எழுந்து, நடுவில் ஒரு தடவை யாழ்ப்பாணமும் சென்று வருவார்கள். பெரும்பாலானோர் 65 வயதைக் கடந்தவர்கள் எனினும் தம்மை நோயாளிகளாக எண்ணாதவர்கள். இக்குறிப்பை அவர்களுக்காகவே எழுதுகிறேன். படுக்கையில் இருக்கும் தாயையோ தந்தையையோ எந்தப் பிள்ளையும் ஆயத்தமில்லாமல் விமானம் ஏற்றுவதில்லை. ஓடியாடித் திரிபவர்தான் ஆயத்தமில்லாமல் வந்து இறங்குகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வந்த ஓர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரைச் சொல்லலாம். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். வயது 71. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு குளிசைகள், அவற்றில் ஒன்று சிறுநீரை அதிகமாகக் கழிக்கச் செய்வது, நீரிழிவுக்கு மெற்போமின். ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் பனிக்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் இரவில் உறக்கமில்லாமல் காலையில் அயர்ந்து தூங்கி, எட்டரை மணிக்குப் பிறகே நடக்கப் புறப்படுவார். வந்த ஐந்தாம் நாள் கடற்கரை வீதியில் தலைசுற்றி விழுந்தவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி என்னிடம் கொண்டு வந்தார்கள். இரத்த அழுத்தம் 96/58. "அங்க மைனஸ் பத்திலயும் நடக்கிறனான் டொக்டர், இந்த வெயில் என்னை என்ன செய்யப்போகுது?" என்று அந்த நிலையிலும் கேட்டார்.

வெயில் செய்வது இதுதான். குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் கூடும். அந்தக் கூடிய அளவைக் கட்டுப்படுத்தவே அங்குள்ள வைத்தியர் குளிசையின் அளவைத் தீர்மானித்திருப்பார். கொழும்பிலோ சனவரி மாதத்திலும் பகல் வெப்பநிலை 31 பாகை செல்சியசை எட்டுகிறது. குழாய்கள் விரிகின்றன, வியர்வையோடு உப்பும் நீரும் போகின்றன, கடற்காற்றின் ஈரப்பதனால் வியர்வை எளிதில் ஆவியாகாமல் உடலில் வழிந்து வீணாகிறது. அங்கே அளவாக இருந்த குளிசை இங்கே அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் எடுக்கும். அந்த நாட்களில் வெயில் ஏறுமுன் நடந்து முடிப்பதும், காலையில் இருந்தவாறு ஒரு தடவையும் எழுந்து நின்று ஒரு தடவையும் அழுத்தத்தை அளந்து கொப்பியொன்றில் எழுதுவதும் போதுமான பாதுகாப்பைத் தரும். எழுந்து நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் வைத்தியரிடம் வாருங்கள். குளிசையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். (அளக்கும் கருவியை அங்கிருந்து கொண்டு வருவோர் மின்கலத்தில் இயங்குவதைக் கொண்டு வருவது நல்லது. கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. புகை வந்து நின்றுபோன கருவிகளை எனக்குக் கொண்டுவந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.)

அப்படியானால் புறப்படுவதற்கு முதல் வாரம் அங்குள்ள வைத்தியரிடம் சென்று குளிசையைக் குறைத்துக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் அறியாத ஒரு சிக்கல் இருக்கிறது. முதியோருக்கான பயணக் காப்புறுதிகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோயானது புறப்படும் நாளுக்கு முந்திய 90 நாட்களோ 180 நாட்களோ மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. புதிய குளிசை தொடங்குவது மட்டுமன்றி, பழைய குளிசையின் அளவைக் கூட்டுவதும், பல ஒப்பந்தங்களில் குறைப்பதுங்கூட, அந்த நிலைத்தன்மையைக் குலைத்ததாகவே கொள்ளப்படும். அக்டோபரில் நல்லெண்ணத்தோடு செய்த ஒரு சிறு மாற்றத்தால் டிசம்பரில் நெஞ்சுவலிக்கான கட்டணம் முழுவதையும் சொந்தக் கையிலிருந்து செலுத்திய ஒரு தம்பதியினரை நான் அறிவேன். ஆகவே டிசம்பரில் புறப்பட எண்ணுபவர் தன் வைத்தியரைக் கோடையிலேயே சந்தித்து, தெற்கே போகப்போவதைச் சொல்லி, மாற்ற வேண்டியவற்றை அப்போதே மாற்றிவிட்டு, ஒப்பந்தத்தில் அந்த ஒரு பந்தியை மட்டுமாவது பூதக்கண்ணாடி வைத்து வாசிக்க வேண்டும்.

காப்புறுதி தேவையில்லை, மாகாணக் காப்பீடு இருக்கிறது என்று நம்பி வருவோருக்கும் ஒரு சொல். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் அரச மருத்துவக் காப்பீடு வெளிநாட்டில் எதிர்பாராது ஏற்படும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 50 டொலர் வரையும், உள்நோயாளர் சிகிச்சைக்கு அதன் தரத்தைப் பொறுத்து 200 அல்லது 400 டொலர் வரையுமே தருகிறது. அந்தக் காப்பீட்டைத் தக்கவைக்கவும் எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் குறைந்தது 153 நாட்கள் மாகாணத்தில் இருந்தாக வேண்டும். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தோடு வருமான மேலதிகக் கொடுப்பனவையும் பெறுவோர், ஆறு மாதங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் அந்த மேலதிகக் கொடுப்பனவு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிரித்தானியாவிலிருந்து வருவோருக்கு நிலைமை இன்னும் எளிது: இரு நாடுகளுக்கும் இடையே மருத்துவ ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆகவே நம்பி வர எதுவுமில்லை.

மருந்துகளைப் பொறுத்தவரை, தங்கும் காலம் முழுவதற்கும் போதுமான அளவைக் கொண்டு வருவதே சிறந்தது. இங்கே கிடைக்காது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பெயர் மாறும், நிறம் மாறும், சில வேளைகளில் ஒரு குளிசையின் மில்லிகிராமும் மாறும், அவ்வாறு மாறும்போது முதியவர் ஒருவர் பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார். ஒன்ராறியோவில் 65 வயதைக் கடந்தோர் நீண்ட பயணத்துக்காக 200 நாட்கள் வரைக்குமான மருந்தைக் கேட்டுப் பெறலாம். மருந்துகளின் பட்டியலை எழுதும்போது வணிகப் பெயரை மட்டும் எழுதாமல், உள்ளிருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். மருந்தை அதன் பொதுப்பெயரால் அழைக்க வேண்டும் என்று இந்த நாட்டில் வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானவர். அவருடைய வாதத்தின் பயன் எனக்குப் பனிக்காலத்தில்தான் அதிகம் புரிகிறது. கனடாவிலிருந்து கொண்டுவந்த டைலனோலும் இங்கே கடையில் வாங்கிய பனடோலும் இரு வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் வேளைக்கு இரண்டிரண்டாக விழுங்கியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். இரண்டும் பரசிற்றமோல்தான், பெயர் எதுவாயினும் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் ஒரு நாளில் கூடாது, மெலிந்த உடலினருக்கும் ஈரல் நோயுள்ளவருக்கும் அதனினும் குறைவு. கோடீன் கலந்த வலிக் குளிசைகளையோ உறக்கத்துக்கான குளிசைகளையோ கொண்டு வருவோர் வைத்தியரின் கடிதத்தையும் மருந்தகம் ஒட்டிய பெயர்ச்சீட்டையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

அளவீடுகளிலும் இதே குழப்பம் உண்டு. "சுகர் ஏழுதான் டொக்டர்" என்று ஒருவர் சொன்னால் அது கனடாவின் அல்லது லண்டனின் கணக்கு. இங்குள்ள ஆய்வுகூடம் அதையே 126 என்று எழுதித் தரும். அங்கத்திய எண்ணை 18ஆல் பெருக்கினால் நம்முடைய எண் வரும். மூன்று மாதச் சராசரியை லண்டனில் 53 என்பார்கள், இங்கே அது 7 வீதம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அங்கே 88 என்றால் இங்கே ஏறத்தாழ 1. அண்மைய இரத்தப் பரிசோதனையின் பிரதியொன்றும் இதய மின்வரைபின் பிரதியொன்றும் கையிலிருந்தால், நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் வைத்தியர் எது பழைய மாற்றம், எது புதியது என்று ஊகிக்க வேண்டியிராது.

விமானப் பயணத்தைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. மருந்துகள் அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும் என்பதால் பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம். கிழக்கு நோக்கி வரும்போது அந்த நாள் குறுகுகிறது, ஆகவே எந்த வேளை எத்தனை அலகு போடுவது என்பதை நாடும் நேரமும் குறித்து முன்னரே எழுத்தில் வாங்குங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும் கால் நாளங்களில் இரத்தம் கட்டியாகும் வாய்ப்புக் கூடுகிறது. எழுந்து நடப்பதும், வந்திறங்கிய பின் ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாமல் காட்டுவதும் முக்கியம்.

இனி உணவு. முப்பது ஆண்டுகளாகக் கனவில் கண்ட செவ்விளநீரைக் கண்டதும் நாளுக்கு மூன்று குடிப்போர் உண்டு. செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர், அதிலும் எனாலாபிறில், லோசாற்றன், ஸ்பைரோனோலக்றோன் போன்ற குளிசை எடுப்பவர், அதை அளவுக்கு மேல் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் எடுப்போர் வல்லாரைச் சம்பலையும் பொன்னாங்காணிச் சுண்டலையும் ஒரேயடியாகக் கூட்டினால், அவற்றிலுள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கீரையை விலக்க வேண்டியதில்லை, நாளுக்கு நாள் ஒரே அளவில் உண்டு, வந்த இரண்டாம் வாரம் ஒரு தடவை இரத்தத்தைப் பரிசோதித்தால் போதும். நான் உறுதியாகத் தடுப்பது ஒன்றைத்தான்: சலரோகத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு குடிப்பது. அதிலுள்ள ஒக்சலேற்று உப்பால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் நீரிழிவுக்கான மெற்போமின், எம்பாகிளிபுளோசின், அத்தோடு சிறுநீர்க் குளிசை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாருங்கள்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது டெங்கு. 2017இல் இந்நாட்டில் 1,86,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த ஆண்டை இங்குள்ள எந்த வைத்தியரும் மறக்கமாட்டார். மேல் மாகாணத்தில் மழைக்குப் பின் நுளம்பு பெருகும் இரு பருவங்களில் ஒன்று, நமது விருந்தினர் வரும் டிசம்பர், சனவரி மாதங்களோடு பொருந்திவிடுகிறது. மலேரியாவுக்கு என்று குளிசை கொண்டு வருவோர் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரிலேயே சான்றளித்துவிட்டது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் அந்திக்கு முன்னரும், அதாவது நடைக்குப் போகும் நேரத்திலும் கோயிலுக்குப் போகும் நேரத்திலும். நீளக்காற்சட்டையும் நுளம்புத் தைலமும் அந்த வேளைகளுக்கு உரியவை. இரவு வலை மட்டும் போதாது.

காய்ச்சல் தொடங்கினால் பரசிற்றமோலைத் தவிர வேறெதுவும் எடுக்க வேண்டாம். முழங்கால் வலிக்காகப் பெட்டியில் எப்போதும் இருக்கும் இபுபுரொபனும் டைக்குளோபினக்கும் அந்த நாட்களில் இரத்தக்கசிவைத் தூண்டும். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் அன்றே வைத்தியரைக் கேட்க வேண்டும். முதல் சில நாட்களில் டெங்கு வைரசைக் கண்டறியும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனையும், மூன்றாம் நாளிலிருந்து நாள்தோறும் இரத்த அணு எண்ணிக்கையும் தேவை. குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்கு இறங்கினால் இங்கே வைத்தியசாலையில் அனுமதிப்பது வழக்கம். பெரும்பாலோர் ஏமாறும் இடம் எதுவென்றால், காய்ச்சல் விட்டதும் "சுகமாகிவிட்டது" என்று எழுந்து சந்தைக்குப் போவது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியும் ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. இளமையில் ஒரு தடவை வந்ததால் இனி வராது என்பதும் தவறு: டெங்கு வைரசு நான்கு வகைப்படும், இரண்டாம் தடவை வேறு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பே அதிகம்.

சளிக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட இரண்டு வாரங்களுக்கு முன்னராவது போடுங்கள். தைபொயிட் தடுப்பூசி ஊரில் பிறந்தவருக்கும் தேவைப்படலாம். வாடகை வீட்டைப் பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன் குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்து நான் அனுப்பிவைத்தவர்களில் பெரும்பாலானோர் அங்கே விழுந்தவர்கள்தான். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

அந்தக் கணித ஆசிரியர் மறு ஆண்டும் வந்தார். குளிசைகளின் பொதுப்பெயர்களைக் கணித ஆசிரியருக்கே உரிய ஒழுங்கில் நிரல் கீறி எழுதி, இரு நாட்டு அலகுகளிலும் எண்களைப் போட்டு, ஒரு பிரதியை என்னிடமும் தந்தார். மார்ச் மாதம் திரும்பிப்போன ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தபோது, அங்குள்ள அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகத் தான் இலங்கையிலிருந்து வந்ததைச் சொல்லியிருக்கிறார். பனிக்காலச் சளிக்காய்ச்சல் என்று எண்ணத் தொடங்கியிருந்த வைத்தியர் அதன் பின்னரே டெங்குப் பரிசோதனைக்கு எழுதினாராம். நுளம்பு கடித்து இரண்டு வாரங்கள் வரை சென்றும் அந்தக் காய்ச்சல் தொடங்கலாம்.